பெட்டி பிரிக்கும் முன்

2009 நவம்பரில் காற்றுத் தரத்துக்கான தேசிய வரையறைகள் திருத்தி அறிவிக்கப்பட்டபோது பட்டியலில் பென்சீனும் ஏறியது. ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். அதற்கு மேல் போகக்கூடாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த தனியார் ஆய்வுக்கூடத்துக்கு மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்து வருகிறவர்கள் அதுவரை தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு என்று கேட்டு அறிக்கை வாங்கிப் போவார்கள். அதன்பின் "பென்சீன் பாத்துத் தருவீங்களா மேடம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பார்த்துத் தந்தோம், பழைய வழியில். கரித்தூள் அடைத்த கண்ணாடிக் குழாய் வழியே காற்றை இழுத்து, அந்தக் கரியைக் கார்பன் டைசல்ஃபைடில் ஊறவைத்து, ஊறிய திரவத்தில் துளி எடுத்து ஜிசி என்கிற கேஸ் குரோமட்டோகிராஃபுக்குள் செலுத்துவது. கார்பன் டைசல்ஃபைடு நரம்புகளைக் கெடுக்கிற நஞ்சு. பற்றிக்கொள்ள அதற்குத் தீப்பொறிகூட வேண்டாம். 90 டிகிரி செல்சியஸ் சூடு பட்டாலே போதும். அந்தப் புட்டியைத் திறக்கும் நாட்களில் ஹாட் பிளேட்டின் வயரையே கழற்றி என் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவேன். இத்தனை பயந்து செய்தும் பலன் சொற்பம். ஒரு மில்லிலிட்டர் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டர்தான் ஜிசிக்குள் போகும். பிடித்துவந்த பென்சீனில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

தெர்மல் டிசார்ப்ஷன் கருவி வாங்கலாம் என்ற பேச்சு அப்படித்தான் எழுந்தது. டிடி என்றுதான் ஆய்வுக்கூடங்களில் சொல்வோம். அதில் கரைப்பானே கிடையாது. 89 மில்லிமீட்டர் நீளம், கால் அங்குலத் தடிமன் உள்ள எஃகுக் குழாய்க்குள் உறிஞ்சுபொருளை அடைத்து அதன் வழியே காற்றை இழுக்க வேண்டியது. பிறகு குழாயைக் கருவிக்குள் வைத்து 300 டிகிரிவாக்கில் சூடாக்கினால் பிடிபட்டதெல்லாம் ஆவியாகி வெளியே வரும். ஹீலியம் அதைத் தள்ளிக்கொண்டுபோய், உள்ளே மைனஸ் 30 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும் சின்னப் பொறி ஒன்றில் சேர்க்கும். அந்தப் பொறியைக் கண்மூடித் திறக்கும் நேரத்தில் மறுபடி சூடாக்கினால் மொத்தமும் ஒரே வீச்சில் ஜிசிக்குள் பாயும். வரையறை அளவுக்குப் பென்சீன் உள்ள காற்றைப் பத்து லிட்டர் இழுத்தால் குழாயில் இருப்பது 50 நானோகிராம் பென்சீன். அதையே தாராளம் என்று நினைக்கிற கருவி இது.

விலைப் பேச்சு மாதக்கணக்கில் நடந்தது. தள்ளுபடியில் இன்னும் ஒரு சதவீதம் கிடைக்குமா என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார்கள். கருவி வந்து உட்காரப்போகும் அறையைப் பற்றி அந்தக் கூட்டங்களில் எவரும் வாய் திறக்கவில்லை. இதை நான் வேறு பல ஆய்வுக்கூடங்களிலும் பார்த்திருக்கிறேன். கருவிக்குப் பணம் ஒதுக்கத் தயங்காதவர்கள் கேஸ் லைனுக்கு என்றால் முகம் சுளிப்பார்கள். ஆர்டர் போனதும் தயாரிப்பாளரிடமிருந்து இடத்தைத் தயார்செய்வதற்கான கையேடு வந்தது. எம்.டி. அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் என் மேசைக்கு அனுப்பிவிட்டார். "எல்லாம் ரெடின்னு கையெழுத்துப் போட்டாத்தான் இன்ஜினியர் வருவாராம். நீங்களே பாத்துக்குங்க."

முதலில் மின்சாரம். அது 2012. பிப்ரவரிக் கடைசியிலிருந்து சென்னைக்கே தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. ஜிசியின் அடுப்பு சூடேறும்போது மட்டும் இரண்டு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். கூடவே டிடி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதன் வெற்றிட பம்ப், கணினி. நடுவில் மின்சாரம் போனால், ஜிசியின் அடுப்புக்குள் இருக்கும் காலம் (column) என்ற மெல்லிய குழாய் கொதித்துக்கொண்டிருக்க, வாயு நின்றுபோகும். ஓட்டம் இல்லாத சூடான காலத்துக்குள் துளி ஆக்சிஜன் கசிந்தாலும் உட்பூச்சு போயிற்று. பொறிக்குள் இருக்கும் உறிஞ்சுபொருளுக்கும் அதே கதிதான். யுபிஎஸ் விற்க வந்தவர் மூன்று கேவிஏ போதும் என்று அடித்துச் சொன்னார். சராசரி மின்னோட்டத்தை வைத்து அவர் போட்ட கணக்கு அது. உச்சத்தைக் கூட்டிப் பாருங்கள் என்றேன். ஆறு கேவிஏவில் வந்து நின்றது.

யுபிஎஸ்ஸைவிட எனக்குக் கவலை தந்தது எர்த். எங்கள் கட்டடத்தின் எலக்ட்ரீசியன் அண்ணன் அந்தப் பேட்டையிலேயே தலைநரைத்தவர். "எர்த் பக்காவா இருக்கு மேடம். இத்தனை வருஷமா மெஷின் ஓடலயா?" என்றார்.

"நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர வச்சுப் பாக்கலாம்ணே."

வைத்தார். கையேடு இரண்டு வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும் என்றது. மீட்டர் ஒன்பதைத் தாண்டியது. மாவரைக்கும் இயந்திரத்துக்கு இது பொருட்டே இல்லை. நானோகிராமை அளக்கும் டிடெக்டருக்கு அது இடைவிடாத இரைச்சல். இரைச்சல்கூடப் பரவாயில்லை. உலோகப் பெட்டிக்குள் 300 டிகிரியில் ஹீட்டர் ஓடுகிறது. அதன் காப்பு என்றாவது விட்டுப்போனால் பெட்டியைத் தொடுகிறவர் உயிரோடு இருக்க அந்த எர்த்தை விட்டால் வேறு வழி கிடையாது. அண்ணன் அதற்குப் பிறகு பேசவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் பழைய எர்த் குழியைத் தோண்டினார். உள்ளே தகடு அரித்து, கரியும் உப்பும் போட்ட இடம் காய்ந்த மண்ணாகக் கிடந்தது. டிடி அறைக்கென்று தனிக் குழி வெட்டி, செப்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி, தண்ணீர் ஊற்றக் குழாய் ஒன்றை மேலே நீட்டிவைத்தார். சித்திரை வெயிலில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது வாட்ச்மேனின் வேலைப் பட்டியலில் ஏறியது. மீட்டர் ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் காட்ட என்னைக் கூப்பிட்டபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதம், கருவி வந்த நாளில் எம்.டி. முகத்தில்கூட இல்லை.

அடுத்தது வாயு. அதுவரை எங்கள் சிலிண்டர்கள் ஜிசி அறையை ஒட்டிய சிறிய அறைக்குள் நின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று மீட்டர், சன்னல் இல்லை. ஏசிக் குழாய் அந்த வழியாகப் போனதால் நல்ல குளிர்ச்சி. எங்கள் அட்டெண்டர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அட்டைப்பெட்டியை விரித்து அங்கேதான் கண்ணயர்வார்.

ஒரு தாளில் கணக்குப் போட்டு எம்.டி.யிடம் கொண்டுபோனேன். அறையில் 27 கன மீட்டர் காற்று. ஒரு ஹீலியம் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் அடைத்திருப்பது ஏறக்குறைய 7 கன மீட்டர் வாயு. ரெகுலேட்டர் கழன்று மொத்தமும் அறைக்குள் கலந்தால் 20.9 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 16க்கு இறங்கிவிடும். 19.5க்குக் கீழே போனாலே ஆபத்து என்று தொழிலகப் பாதுகாப்பு விதிகளில் வைத்திருக்கிறார்கள். ஹீலியத்துக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மூச்சு முட்டும் உணர்வும் வராது. தலை லேசாகக் கிறுகிறுக்கும், அத்தோடு சரி. அங்கே நைட்ரஜன் சிலிண்டரும் உண்டு என்பதை அடிக்கோடிட்டிருந்தேன். எம்.டி. தாளைப் பார்த்தார், பிறகு அட்டெண்டரைக் கூப்பிடச் சொன்னார். சிலிண்டர்களைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோக அன்றைக்கே அனுமதி கிடைத்தது.

வடக்குச் சுவரோரம், வெயில் நேராக விழாத இடத்தில், மேலே தகரக் கூரையும் முன்னால் கம்பி வலைக் கதவும் போட்டுச் சிலிண்டர்களை நிறுத்தினோம். ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் சங்கிலி. ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் சிலிண்டர் சாய்ந்து வால்வு உடைந்தால் அது ராக்கெட். லாரியிலிருந்து இறக்குகிறவர்கள் அதை விளிம்பில் சாய்த்து உருட்டிக்கொண்டே வரும் லாகவத்தை ரசித்துப் பார்த்த காலம் உண்டு. அதையும் நிறுத்தி டிராலிதான் என்றோம். மூடி போட்டிருக்க வேண்டும், ரெகுலேட்டரோடு நகர்த்தக்கூடாது என்று வலைக்கதவில் எழுதி மாட்டினோம். ஹீலியத்துக்குப் பழுப்பு, ஹைட்ரஜனுக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்துச் சொல்ல வாட்ச்மேனுக்கும் பழக்கினோம்.

அந்த ஆண்டு உலகெங்கும் ஹீலியத் தட்டுப்பாடு. கேட்ட நாளில் சிலிண்டர் வராது. விலையோ ஏறிக்கொண்டே போனது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு ஆற்றாமை உண்டு. 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரான்சிலிருந்து வானியலாளர் ஜான்சென் வந்து இறங்கியது அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில்தான். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் தொலைநோக்கியோடு நின்றார். அந்தக் கிரகணத்தில் தொடங்கிய நிறமாலை ஆராய்ச்சிதான் சூரியனில் புதிய தனிமம் ஒன்று இருக்கிறது என்ற முடிவுக்குக் கொண்டுபோனது. பூமியில் அதை 1895இல் ராம்சே பிரித்தெடுத்தார். அதே ஹீலியத்துக்கு நாங்கள் இறக்குமதிக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்தோம்.

தட்டுப்பாட்டைச் சாக்காக வைத்து, ஹீலியத்துக்குப் பதில் ஹைட்ரஜனையே ஓட்டினால் என்ன என்று இளைய கெமிஸ்ட் ஒருவர் கேட்டார். ஜிசியில் பல இடங்களில் செய்வதுதான். ஆனால் நாங்கள் வாங்கும் டிடிக்கு அந்த அனுமதி இல்லை என்று கையேட்டிலேயே தடித்த எழுத்தில் இருந்தது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் வெடிக்கும். மூடிய பெட்டி, உள்ளே ஹீட்டர், பக்கத்திலேயே ரப்பர் வளையங்கள் தேய்கிற இணைப்புகள். இதற்கு மேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜிசியில் எஃப்ஐடி என்ற டிடெக்டரின் சுடருக்கு மட்டும் ஹைட்ரஜன் தேவைப்பட்டது. அதற்குத் தண்ணீரிலிருந்து வேண்டியபோது வேண்டிய அளவு தயாரித்துக்கொள்ளும் ஜெனரேட்டரைத் தேர்ந்தோம். சிலிண்டரில் கன மீட்டர் கணக்கில் சேர்ந்திருக்கும் ஆபத்து அதில் இல்லை.

கேஸ் லைன் போட வந்தவர் தோளில் செப்புக் குழாய்ச் சுருளோடு வந்தார். ஏசிக்குப் போடும் அதே குழாய். "காப்பர்னா காப்பர்தான மேடம், இதுல என்ன வித்தியாசம்?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு துண்டு வெட்டி, உள்ளே வெள்ளைப் பஞ்சை விட்டு இழுத்துக் காட்டினேன். பஞ்சில் லேசான எண்ணெய்க் கறை. "இந்த எண்ணெய் ஆவியாகி மெஷினுக்குள்ள போச்சுன்னா, மணலிக் காத்துல இருக்குன்னு எழுதிக் குடுத்துடுவேன்ணே" என்றதும் சிரித்துவிட்டார். சுத்தம் செய்து இரு முனையும் அடைத்து விற்கும் எட்டில் ஒரு அங்குலக் குழாய் வரும்வரை வேலை நின்றது. பற்றவைப்பு கூடாது, இணைப்புக்கு டெஃப்லான் டேப் கூடாது என்றதும் அவருக்குக் கொஞ்சம் மனக்கசப்பு. ஆனால் நட்டைக் கையால் இறுக்கி அதன்மேல் முக்கால் சுற்று, அதற்கு மேல் ஒரு இம்மியும் வேண்டாம் என்று ஒருமுறை காட்டியதை அவர் பிடித்துக்கொண்ட வேகம் எங்கள் கெமிஸ்டுகளுக்கு வரவில்லை. பலம் இருக்கிற கைக்குத்தான் நிறுத்தத் தெரியவேண்டும், அவருக்குத் தெரிந்தது.

கசிவு பார்க்க அவர் சோப்பு நுரையை எடுத்தார். கருவிக்குப் போகும் வழியில் அதற்கும் தடை. கசிகிற இணைப்பு வாயுவை வெளியே மட்டும் விடுவதில்லை, நுரையையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கவும் செய்யும். கையடக்க ஹீலியம் டிடெக்டரை இரவல் வாங்கி ஒவ்வொரு நட்டாகப் பார்த்தோம். பிறகு லைனில் அழுத்தம் ஏற்றி, சிலிண்டரை மூடி, கேஜ் முள் நின்ற இடத்தில் கண்ணாடிமேல் கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் முள் கோட்டிலேயே நின்றது. கருவிக்குள் நுழையும் இடத்தில் ஈரம், ஆக்சிஜன், ஹைட்ரோகார்பன் மூன்றுக்கும் வடிகட்டிகள். சென்னை ஈரப்பதத்தில் இது ஆடம்பரம் அல்ல. மைனஸ் 30 டிகிரியில் இருக்கும் பொறியைச் சுற்றி ஓடும் உலர்வாயுவில் ஈரம் இருந்தால் அங்கே பனி கட்டும்.

வெளியே போகும் வாயுவையும் யோசிக்க வேண்டியிருந்தது. மாதிரி செறிவாக இருந்தால் டிடி அதில் பெரும்பங்கைப் பிரித்து வெளியே விடும். அந்த வாயுவில் பென்சீன் இருக்கும். பென்சீன் இரத்தப் புற்றுநோய் தருவது. அளக்க வந்த நஞ்சை அளப்பவரின் மூக்கருகே விடுவதில் அர்த்தமில்லை. கரிப்பொறி ஒன்றின் வழியாக இழுத்து மொட்டைமாடிக்குக் குழாய் போட்டோம்.

இத்தனையும் ஆட்களைக் கருவியிடமிருந்து காக்க. கருவியை எங்களிடமிருந்து காப்பது அதைவிடப் பெரிய வேலையாக இருந்தது.

அறைக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள்: எனாமல், டர்பன்டைன் வாடையோடு. ஆசாரி அலமாரிகளுக்கு மைக்கா ஒட்டியிருந்தார், ரப்பர் பசையால். அந்தப் பசையின் கரைப்பானில் டொலுவீன் உண்டு. பென்சீனோடு நாங்கள் அளக்கப்போவதில் அடுத்தது டொலுவீன்தான். மூக்குக்கு வாடை போய்விட்டது, ஆனால் என் மூக்கை நான் நம்பவில்லை. ஏற்கெனவே டிடி வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் சுத்தம் செய்த குழாய்களை வாங்கி, எங்கள் அறைக் காற்றையே பம்ப் வைத்து இழுத்து அவரிடமே திருப்பி அனுப்பினேன். "உங்க ரூம விட மவுண்ட் ரோடு சுத்தமா இருக்கும் போலிருக்கே" என்று போன் செய்தார். அலமாரிகளைக் கழற்றி வராந்தாவில் போட்டோம். கருவியின் எடையைத் தாங்கக் கடப்பா மேடையை மட்டும் விட்டுவிட்டு, வாரக்கணக்கில் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டினோம்.

பென்சீன் மட்டும் குறையவே இல்லை. காரணம் தேடிச் சன்னலைத் திறந்து பார்த்தால் கீழே பக்கத்துக் கம்பெனியின் டீசல் ஜெனரேட்டர். மின்வெட்டு நேரத்தில் பேட்டை முழுக்க அவை உறுமும். அவற்றில் ஒன்று எங்கள் ஏசி காற்றிழுக்கும் வாய்க்கு நேர் கீழே. பக்கத்துக்காரரிடம் பேசிப் புகைபோக்கியை உயர்த்தச் சொல்லலாம் என்றார் எம்.டி. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் எங்கள் காற்றுவாயை எதிர்ப்பக்கம் மாற்றி, கரி வடிகட்டி போட்டேன்.

தரை துடைக்கிற அக்காவிடம் ஃபினாயிலை வாங்கி வைத்துக்கொண்டு வெறுந்தண்ணீர் தந்தேன். பைன் எண்ணெய் வாசம் இல்லாமல் துடைத்தால் துடைத்த மாதிரியே இல்லை என்று அவர் சலித்துக்கொண்டார். கொசு விரட்டி போனது. வொய்ட்போர்டு மார்க்கர் போனது. மல்லிகைக்கும் தடை என்றபோதுதான் உண்மையான எதிர்ப்பு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் பூவைக் கழற்றிக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வருவதென்று சமரசம் ஆயிற்று.

பெட்டி வந்த நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெட்டி அடிபட்டால் சிவக்கும் ஸ்டிக்கர்களில் ஒன்று சிவந்திருந்தது. ரசீதில் அதை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுவேன் என்றேன். டிரைவர் அவசரப்பட்டார், நான் படவில்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கி மேடையில் வைத்தோம். ஜிசிக்கு ஒரு பக்கம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பதால் டிடிக்கு மறுபக்கம். ஜிசி குளிரும்போது பின்னால் அனல் காற்று வீசும்; அந்த வழியில் வயரோ வாயுக் குழாயோ வராதபடி சுவரிலிருந்து இடம் விட்டிருந்தோம். இன்ஜினியர் வந்து எர்த்தை அளந்தார், கேஜைப் பார்த்தார், எங்கள் கோட்டைப் பார்த்துச் சிரித்தார். பெட்டியைப் பிரித்ததில் உள்ளே சேதம் இல்லை.

இணைத்து, கசிவு பார்த்து, சுட்டுச் சுத்தப்படுத்தி, மாதிரி ஏதும் இல்லாத வெற்றுக் குழாயை ஓட்டினார். திரையில் கோடு மட்டமாக ஓடியது. ஏறக்குறைய இறுதியில் ஒரே ஒரு முகடு, அழகாகக் கூராக எழுந்தது. கணினியில் உள்ள சேர்மங்களின் நூலகத்தோடு ஒப்பிட்டார். "கேம்ஃபர்" என்றார். "இங்க யாராவது கற்பூரம் ஏத்தினீங்களா?"

யாரும் ஏற்றவில்லை. பிறகு தெரிந்தது: புதுக் கருவி நல்லபடி ஓட வேண்டுமே என்று எம்.டி. காலையில் வாட்ச்மேனை விட்டு வராந்தாவில் சூடம் காட்டச் சொல்லியிருக்கிறார். கதவு திறந்து மூடிய நேரத்தில் தட்டில் மூடி கழற்றி அடுக்கியிருந்த குழாய்க்குள் அது புகுந்துவிட்டது. எவ்வளவு என்று கேட்டார் எம்.டி. சில நானோகிராம் என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் காட்டியது இந்தப் பக்கம் தெரிகிறதா என்று வியந்து, அந்தப் படத்தை அச்சிட்டு வாங்கித் தம் அறையில் பூசை அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. டிடி அறைக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும், அதுவும் கதவின் வெளிப்பக்கம். சூடம், சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் கேட்டருகே என்று சுற்றறிக்கை போயிற்று. கையெழுத்து எம்.டி.யுடையது.